கூப்பிடு தூரத்துக்கு ஒரு வெளியூர்ப் பயணம்

எங்கள் ஊர் தோணிரேவு. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் யாராவது கொஞ்சம் உரக்கச் சண்டை போட்டால் எங்கள் வாசலில் காது கொடுத்துக் கேட்கலாம், அவ்வளவு பக்கம். அந்தக் கடைத்தெருவுக்கு மூட்டை முடிச்சோடு கிளம்பி, மாடி அறை பேசி, புருஷனையும் கூட்டிக்கொண்டு தங்கப் போனவள் எங்கள் ஊர் சரித்திரத்திலேயே நான் ஒருத்திதான். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இன்னாடி, கடத்தெருவுக்குப் போறதுக்குப் பாயும் தலகாணியுமா? உங்க ஊட்டுக் கூரை பிச்சிக்கினு போச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"கூரை நல்லாத்தான் கீது. பக்கத்துல உன் வாயி கீதே, அதுலருந்து தப்பிக்கத்தான் போறேன்" என்றேன்.

அது உலாந்தாக்காரர், அதாவது டச்சு வெள்ளைக்காரர், கொடி கோட்டையில் பறந்துகொண்டிருந்த காலம். இன்று அந்தக் கோட்டையும் இல்லை, அதன் செங்கல் பாதி ஊரார் வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது கோட்டையைப் பற்றி அல்ல, என் புருஷனைப் பற்றி.

ஐப்பசி மழை முடிந்த சமயம் முகத்துவாரத்தில் அவருடைய தோணி கவிழ்ந்தது. ஏரியும் கடலும் கலக்கிற இடம் அது. நீர் வடியும் நேரத்தில் இழுப்பு பலமாக இருக்கும். காற்று திடீரென்று திரும்பி, தோணிப் பாய் நிறைந்து, இறக்குவதற்குள் தோணி குப்புற விழுந்துவிட்டது. கூடப் போனவர்கள் நீந்திப் பிழைத்தார்கள். இவர் மட்டும் நனைந்த பாய்க்குள் சிக்கிக்கொண்டு அடியில் போய்விட்டார். பாயைக் கத்தியால் கிழித்து வெளியே இழுத்தார்கள். உயிர் திரும்பியது, மனுஷன் திரும்பவில்லை.

அதற்கப்புறம் அவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை. முதலில் வயிற்றுவலி என்றார். பிறகு முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு வலையில் ஓட்டை என்று உட்கார்ந்து, இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். கரையில் உலர்த்திய பாயைத் தாண்டிப் போகவேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போவார். சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. எனக்குப் பொறுமை கிடையாது. முதலில் அழுதேன், பிறகு திட்டினேன், ஒருநாள் சட்டியைத் தூக்கி வெளியே எறிந்தேன்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை விரிக்க முடியாது. ஊருக்கு ஊர் நாள் முறை உண்டு. எங்கள் முறை வரும் நாள் விடியலில், எந்த இடம் யாருக்கு என்று பானையில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். சீட்டு என்றால் ஓலை அல்ல, வீட்டுக்கு ஓர் அடையாளம். ஒரு வீட்டுக்குப் புளியங்கொட்டை, ஒரு வீட்டுக்குக் கிளிஞ்சல், எங்கள் வீட்டுக்கு ஒரு சங்குத் துண்டு. அதை அந்த வீட்டு ஆண்பிள்ளை தன் கையால் பானையில் போட வேண்டும். அண்ணன் தம்பி போட்டாலும் செல்லாது. ஒருமுறை போடாவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள். அடுத்த முறையும் போடாவிட்டால் பங்கு போய்விடும். அப்புறம் வாழ்நாளெல்லாம் அடுத்தவன் வலையைக் கூலிக்கு இழுக்க வேண்டியதுதான்.

அவர் ஒருமுறை போடவில்லை. அடுத்த முறை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் அந்தச் சங்குத் துண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எறிந்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் அதை மாடத்தில் வைத்துவிட்டுப் போனதும் நான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மறுநாள் மாடம் காலியாக இருந்ததைப் பார்த்தும் அவர் தேடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். போதாக்குறைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் "இன்னா, தேவலையா?" என்று கேட்பார்கள். கேட்கக் கேட்க இவர் சுருங்குவார். மற்ற ஊர்களின் முறை நடக்கும் நாட்களில் எங்களுக்கு வேலை இல்லை. அந்த நாட்களில் தண்ணீர் கண்ணில் படாத இடமாக, யாரும் எதுவும் கேட்காத இடமாகப் போய் இருப்போம் என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த வெளியூர் பழவேற்காடு ஒன்றுதான்.

கோட்டைக்குத் தெற்கே சாயக்காரர் தெருவில் ஓர் அம்மா இருந்தாள். இறால் விற்கப் போய்ப் பழக்கம். துணிக்குச் சாயவேரில் சிவப்பேற்றுகிற குடும்பம். மாடியில் ஒற்றை அறை, கப்பல்காரர்களுக்கு விடுவாள். அப்போது காலியாக இருந்தது. ஒரு கூடை காய்ந்த இறாலும் உப்பில் போட்ட மடவை மீன் சினையும் கொண்டுபோய் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

அந்த அறையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. தரையில் சிவப்பு ஓடு, காலுக்குச் சில்லென்று இருக்கும். பலகைச் சட்டம் வைத்த ஜன்னல். எவனோ ஒரு கப்பல்காரன் விட்டுவிட்டுப் போன நாலு தூண் கட்டில், என் இடுப்பு உயரம். நாங்கள் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து தரையில் படுத்தவர்கள். முதலில் நான் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிப் பார்த்தேன், அப்புறம் அவரைக் கூப்பிட்டேன். விழுந்துவிடுவோமோ என்று இரண்டு பேரும் நடுவில் ஒட்டிக்கொண்டு படுத்தோம். ஜன்னலைத் திறந்தால் கூரைகளும் தென்னையும் தெரியும், ஏரி தெரியாது. அறைக்கு வெளியே திறந்த மாடியில் கயிறுகள் கட்டி, சாயமேற்றிய நீளத் துணிகளை உலரப் போட்டிருப்பார்கள்.

முதல் நாள் சாயங்காலம் தெருவில் இறங்கி நடந்தோம். அந்தத் தெருக்களில் நான் ஆயிரம் தடவை போயிருப்பேன், எல்லாம் தலையில் கூடையோடு ஓட்டமும் நடையுமாக. கூடை இல்லாமல் கழுத்து லேசாக இருந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பண்டகசாலைப் பக்கம் போனால் சாதிக்காயும் கிராம்பும் மணக்கும். அங்கே நின்று மூச்சை இழுத்துக்கொண்டேன். அந்த வாசனை அங்கே இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, எப்போதும் என் கூடை வாசனைதானே என்னோடு வரும். உலாந்தாக்காரி ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு, குட்டி நாய் ஒன்றைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போனாள். நாய்தான் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. இவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மரைக்காயர் தெருவில் ஒரு வீட்டில் சாயங்காலமானால் சுடச்சுட இடியாப்பமும் கோழிக்குழம்பும் விற்பார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டு அவித்த வட்டிலப்பமும் உண்டு. வாழை இலையில் வாங்கி ஓரமாக உட்கார்ந்தோம். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டு இலையை என் பக்கம் தள்ளினார். அவர் பங்கையும் நானே தின்றேன். கவலைப்பட்டால் பசி எடுக்காது என்பார்கள், எனக்குக் கவலையில்தான் நன்றாகப் பசிக்கும். வட்டிலப்பத்தை மட்டும் அவர் கேட்டு வாங்கி ஒரு துண்டு தின்றார். எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். இன்னொன்று வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன், அவர் வேண்டாம் என்றார்.

மறுநாள் கோட்டை வாசல் பக்கம் அடுப்பில் சுட்ட ரொட்டி வாங்கினோம். மேலே முறுகலாக, உள்ளே பஞ்சாக இருந்தது. பிய்த்துத் தின்றுகொண்டே நெசவாளர் தெரு முழுக்கச் சுற்றினோம். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். யாரும் "தேவலையா?" என்று கேட்கவில்லை. கூடை இல்லாத என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அவரை யாருக்கும் தெரியாது. மத்தியானம் அவர் அந்த உயரக் கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்கினார். எத்தனையோ வாரமாக நான் அந்தக் குறட்டையைக் கேட்கவில்லை. இருந்தாலும் முந்தானை முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மறுநாள் ஊர் திரும்ப வேண்டும், அதற்கடுத்த விடியலில் பானை.

கடைசி நாள் பொழுது புலரும் நேரம். வாடை அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று தெற்கே திரும்பியது. ஜன்னல் படபடத்தது. மாடியில் கட்டியிருந்த துணிகள் ஒரே வீச்சில் உப்பிக் கயிறு முறுகிய சத்தம் எனக்கும் கேட்டது. நான் கண்ணைத் திறப்பதற்குள் இவர் கட்டிலிலிருந்து குதித்து வெளியே ஓடிவிட்டார்.

"எறக்கு! எறக்குடா பாய!"

நான் பின்னால் ஓடினேன். அவர் ஒவ்வொரு முடிச்சாக ஓர் இழுப்பில் அவிழ்த்துக்கொண்டிருந்தார். துணிகள் மடமடவென்று விழுந்தன, பாதி கீழே முற்றத்துச் சாணிச் சேற்றுக்குப் போயிற்று. மீதியை வாரி நெஞ்சோடு அணைத்துச் சுருட்டி, காற்று பிடுங்கிக்கொண்டு போகாதபடி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு விழிப்பு வந்தது. ஈரச்சாயம் ஒட்டிக் கையும் மார்பும் செக்கச்செவேல் என்று இருந்தன. தண்ணீர் எங்கே, தோணி எங்கே என்று தேடுகிறவர்போல என்னைப் பார்த்தார்.

கீழேயிருந்து சாயக்காரம்மாவின் கூச்சல் வந்தது. "ஏன் நைனா, நான் உனுக்கு இன்னா பாவம் பண்ணேன்? ஒரு வார வேலைய ஒரு நொடில கலீஜு பண்ட்டியே! பேய் கீய் புட்ச்சிக்கிச்சா?"

"காத்து திரும்பிச்சிம்மா," என்றார் அவர். "பாய் நெறஞ்சிச்சி. எறக்கலன்னா கவுந்துடும்னு... கையி தானா போச்சி."

சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உலர்ந்த பாயைக்கூடத் தொடாமல் சுற்றிக்கொண்டு போன மனுஷன் அவர். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாணியில் கிடந்த துணியையும் இடுப்பில் கை வைத்து நின்ற அந்த அம்மாவையும் பார்க்கப் பார்க்க அடக்க முடியவில்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சாயக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை, அவள் பேஜாரு அவளுக்கு.

காலை முழுக்கப் பரிகாரம் செய்தோம். அவர் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொட்டக் கொட்ட நாங்கள் இரண்டு பெண்களும் அலசினோம். பாதித் துணி தேறியது, மீதிக்கு மறுபடி சாயம் போட வேண்டும் என்றாள். அடுத்த முறை மீன் கிடைத்ததும் நல்லதாகக் கொண்டுவந்து தருகிறேன் என்று இவரே சொன்னார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த முறை என்று அவர் வாயிலிருந்து வந்து எத்தனை நாளாயிற்று!

வேலை முடிந்ததும் அந்த அம்மா கோபத்தோடேயே ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைத்தாள். இவர் ஒன்று, இரண்டு என்று தின்றுகொண்டே போனார். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கடைசியில் விரலை நக்கிக்கொண்டு, "ரெண்டு நாளா இன்னாமோ இனிப்பா துன்னுக்கினே கீறோம். மீன் கொழம்பு இல்லியா?" என்றார்.

நான் அவர் பக்கம் இன்னும் ஓர் ஆப்பத்தைத் தள்ளினேன்.

சாயங்காலம் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நான் வந்த வழியே கரைப்பாதைக்குத் திரும்பினேன். அவர் துறைப் பக்கம் திரும்பி நின்றார். மீன் விற்க வந்த எங்கள் ஊர்த் தோணி ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது.

"நடந்தா போவ? நம்ம தோணி நிக்கிது பாரு" என்றார்.

நான் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். வாயைத் திறந்தால் மனசை மாற்றிக்கொள்வாரோ என்று பயம். அவர் முதலில் காலை வைத்தார், தோணியின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார், முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாய் எடுத்தபோது அவர் தோள் ஒரு தடவை நடுங்கியது, அவ்வளவுதான்.

பாதி வழியில், சிவப்பேறிய கையை என் முன்னால் நீட்டினார். "குடு."

"இன்னாத்த?"

"முந்தாணில முடிஞ்சி வெச்சினு கீறியே, அத்த."

"தெரியுமா உனுக்கு? தெரிஞ்சினு ஏன்யா கேக்கல?"

"என்கிட்ட இருந்தா அன்னிக்கே தண்ணில போட்டுருப்பேன். உன்கிட்ட இருந்தா பத்திரமா கீதுன்னுதான் சும்மா இருந்தேன்."

முடிச்சு இறுகிப்போயிருந்தது. நான் பிடித்து இழுத்தும் அவிழவே இல்லை. அவரே குனிந்து ஓர் இழுப்பில் அவிழ்த்து, சங்குத் துண்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். நான் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். தோணியில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியலில் கரையில் பானை வைத்தார்கள். பெண்கள் அதன் பக்கத்தில் போகக் கூடாது. நான் தூரத்தில் வேலியோரமாக நின்றேன். இருட்டு முழுதாகப் பிரியவில்லை, கூட்டத்தில் யார் யார் என்று முகம் தெரியவில்லை. பானையோரம் வைத்த அகல்விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு கையாகப் பானைக்குள் போய் வந்தது. அதில் ஒரு கை மட்டும் சிவப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டி, மீன்குழம்புக்குப் புளியை ஊற வைத்தேன்.