கட்டம் கட்டமாய் ஒரு கல்யாணம்

உள்ளறையில் கெட்டிமேளம் முழங்கியது. நின்றது. மறுபடியும் முழங்கியது. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பஞ்சம்மாள் ஒவ்வொரு முறையும் மடியிலிருந்த டிஸ்க் உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் கழுத்தில் தாலி ஏறியபோதும் மேளம் இப்படித்தான் முழங்கியது.

உள்ளே, ஒரு பட்டாசு முதலாளி வீட்டுக் கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் போட்டு ரசித்துக்கொண்டிருந்தான் சங்கிலிமுத்து. 2007-ல் சிவகாசியில் ‘சங்கிலி டிஜிட்டல்’ என்று போர்டு மாட்டியவன். அவனைப் பெற்றவர்கள் இருவரும் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகியவர்கள். அதை அவன் வெளியே சொல்லமாட்டான். லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் எடுபிடியாக இருந்து, பிறகு கேமரா தூக்கி, மதுரையில் கொஞ்ச காலம் எடிட்டிங் கற்று வந்தான். வந்த நாளிலிருந்து கூலிக்காரர்களைக் கண்டால் அவன் மூக்கு தானாகச் சுளித்துக்கொள்ளும்.

எடுத்த கல்யாணத்தை டிஸ்கில் ஏற்றும்போது கம்ப்யூட்டர் ஒன்று கேட்கும். ஒவ்வொரு நொடிப் படத்துக்கும் எவ்வளவு இடம் கொடுக்கலாம்? தாராளமாகக் கொடுத்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் டிஸ்க் ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். குறைத்தால் நான்கு மணி நேரக் கல்யாணமும் ஒரே டிஸ்கில் அடங்கும், படம்தான் கலங்கிப்போகும். யோசித்துச் செய்யவேண்டிய வேலை இது. சங்கிலிமுத்து யோசித்ததே இல்லை. இரண்டு அளவுகளை நிரந்தரமாகப் பதிந்து வைத்திருந்தான். ஒன்றுக்கு ‘முதலாளி’ என்று பெயர், மற்றதற்கு ‘கூலி’. வருகிறவர் காலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றைத் தட்டுவான். இன்னொரு டிஸ்க் போட்டால் ஒரு டீ, வடைக் காசு கூட ஆகும். அதற்கும் மனசு வராத பிறவி.

அத்தோடு விட்டானா? கூலி வீட்டுக் கல்யாணங்களில், தாலி கட்டும் நேரத்தில் படம் முழுக்க மத்தாப்புப் பொறி கொட்டவிடுவான். அதைக் கலை என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பொறியும் தனக்கு இடம் கேட்கும். ஏற்கெனவே பட்டினி கிடக்கும் படத்தில் மிச்சமிருந்ததையும் அவை தின்றுவிட, மனிதர்கள் கட்டம் கட்டமாக உடைந்துபோவார்கள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். “என்னக்கா, டிஸ்க் ஓடலையா?”

“ஓடுது தம்பி. ஆளுதான் தெரியல.”

அச்சங்குளத்துப் பஞ்சம்மாள் தன் மகள் மாரிசெல்வியை வெம்பக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் போடவேண்டும், அது அவள் உரிமை. மாப்பிள்ளையின் அக்கா பொன்னுத்தங்கம் போடத்தான் செய்தாள். பிறகு ஏதோ ஒரு சண்டையில், “என் கையத் தட்டிவிட்டுட்டு பொண்ணு வீட்டாளுகளே முடிஞ்சுட்டாக” என்று கிளப்பிவிட்டாள். எங்களை அவமானப்படுத்திய வீட்டுப் பெண் எங்களுக்கு வேண்டாம் என்று மாரிசெல்வியைத் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மாமனார் மட்டும் ஒரு வழி சொன்னார்: டிஸ்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். நேற்று எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். மத்தாப்பு தெரிந்தது. மஞ்சளும் சிவப்புமாகச் சதுரங்கள் தெரிந்தன. முடிச்சுப் போட்ட கை யாருடையது என்று மட்டும் தெரியவில்லை.

“தெளிவா ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி. எம் மக வாழ்க்கை இதுல இருக்கு.”

“சுருக்குனா சுருக்குனதுதான்க்கா. திரும்ப விரிக்க முடியாது.”

“எடுத்த டேப்பு இருக்கும்ல?”

“அதுல வேற கல்யாணம் எடுத்தாச்சு.”

திறந்திருந்த கதவு வழியே பஞ்சம்மாள் உள்ளே பார்த்தாள். திரையில் முதலாளி வீட்டு மணப்பெண்ணின் தலையில் மல்லிகை மொட்டு மொட்டாகத் தெரிந்தது. அந்த மல்லிகைக்கு அடியில்தான் அவள் மகளின் மூன்று முடிச்சும் புதைந்து கிடந்தன. மாரிசெல்வி கல்யாணம் எடுத்த அதே பழைய டேப்பைப் புது டேப் என்று சொல்லி முதலாளி தலையிலும் கட்டியிருந்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனிடம் ஏழை பணக்காரன் பேதம் இல்லை.

“அம்புட்டையும் ஒரே டிஸ்குல அமுக்கச் சொன்னா இப்பிடித்தான் வரும்” என்றான்.

“நாங்க எங்க சொன்னோம்? ‘ஒங்க வீட்டு டிவிக்கு இதுவே சாஸ்தி’ன்னு நீங்கதான சொன்னீக?”

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“சரி, டேப்பு போனாப் போகுது. கையெட்டுற தூரத்துல நின்னு படம் பிடிச்சீக. ‘தங்கம், இந்தப் பக்கம் திரும்பி முடிச்சுப் போடும்மா’ன்னு நீங்கதான சொன்னீக. அத மாப்பிள்ளை வீட்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நான் வேற எதுவும் கேக்கல.”

அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. பொன்னுத்தங்கத்தின் பச்சைச் சேலைகூட நினைவிருந்தது. ஆனால் போய்ச் சொன்னால், பிறகு ஏன் டிஸ்கில் தெரியவில்லை என்று கேட்பார்கள். வெம்பக்கோட்டையில் தை மாதத்துக்கு இரண்டு ஆர்டர் பேசி வைத்திருந்தான். ஒரு பெண்ணின் வாழ்வையும் இரண்டு ஆர்டரையும் தராசில் வைத்தான், அந்த மகா பாவி. தராசு ஆடக்கூட இல்லை.

“நியாபகம் இல்லக்கா. நான் கேமரா ஃபிரேமப் பாப்பேன். கையையா பாத்துட்டு இருப்பேன்?”

பஞ்சம்மாள் அழவில்லை. டிஸ்கை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

“ஒங்க ஆத்தா எங்கூடத்தான் தம்பி திரி செருகுனா. அவ மூஞ்சியும் ஒங்களுக்குக் கட்டங்கட்டமாத்தான் தெரியுமா?”

அவன் முகம் ஒரு கணம் கறுத்தது. பிறகு வழக்கமான சுளிப்பு வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது.

“கதவச் சாத்திட்டுப் போங்கக்கா. ஏசி வெளிய போகுது.”

அவள் படியிறங்கி, திரும்பி, கதவைச் சாத்திவிட்டுத்தான் போனாள்.