பட்டியலில் அக்காவின் பெயர்

நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு அது. போர்டிக்சன் சாலையில் இருந்த எங்கள் தோட்டத்தில் மண்டபத்தில் மட்டும்தான் தொலைக்காட்சி இருந்தது. அதில் தமிழ் வருவது வாரத்துக்குச் சில மணி நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தையும் அக்கா விடாமல் அந்த நோட்டில் எழுதிவைத்தாள்: தேதி, நிகழ்ச்சியின் பெயர், பாடியவர், நடித்தவர். பத்திரிகையில் அறிவித்திருந்தும் திரையில் வராமல் போனால் அதற்கும் ஒரு வரி உண்டு. ‘போடவில்லை.’ காலையில் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போய்வந்த கையில் அந்தப் பால் வாடை போகாது. நோட்டின் ஓரங்களிலும் அது இருந்தது. எதற்கு எழுதுகிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், “ஒனக்கு என்னாலா?” என்றிருப்பாள்.

நான் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று அம்பாங்கானில் இருக்கிறேன். இந்நாட்டுத் தொலைக்காட்சியில் வந்த தமிழ் நிகழ்ச்சிகளையெல்லாம் வரிசைப்படுத்தும் தகவல் நூல் ஒன்றை நாங்கள் நான்கு பேர் தொகுத்து முடித்திருக்கிறோம். பழைய ஒளிப்பதிவுகள் எங்களுக்கு அதிகம் கிடைக்கவில்லை. பத்திரிகையின் நிகழ்ச்சி நிரலைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அதில் ஒரு சிக்கல். பத்திரிகை என்ன வரப்போகிறது என்று சொல்லுமே தவிர, வந்ததா என்று சொல்லாது. வந்ததா இல்லையா என்று எழுதிவைத்த ஒரே ஆள் அக்கா. அவள் ‘போடவில்லை’ என்று எழுதியதையெல்லாம் நான் பட்டியலிலிருந்து அடித்தேன். கை கூசவில்லை.

பிறகு அக்காவின் வரியே வந்தது.

அந்த நாட்களில் அவள் ஒருமுறை கோலாலம்பூர்த் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய் ஒரு பாட்டுப் பாடிப் பதிவுசெய்துவிட்டு வந்தாள். பத்திரிகையில் பெயர் வந்தது. ஒளிபரப்பு நாளில் தோட்டமே மண்டபத்தில் கூடியது. அன்று மதியம் நாட்டின் பெரிய மனிதர் ஒருவர் இறந்துவிட்டார். திரையில் அரைக்கம்பத்தில் கொடி, குர்ஆன் ஓதும் குரல், வேறொன்றும் இல்லை. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. துக்கத்தில் எழுந்தால் மரியாதையில்லை என்று அரை மணி நேரமும் அப்படியே இருந்தார்கள். “அடுத்த வாரம் போடுவான்லா, இரு பாப்பா,” என்றார் தோட்ட வேலையை மேற்பார்வை பார்த்த மண்டோர். அடுத்த வாரம் வேறு எதையோ போட்டார்கள். அக்கா நோட்டை எடுத்து எழுதினாள். இப்போதும் பார்க்கிறேன், மற்ற வரிகளைப் போலவேதான் அந்த வரியும் இருக்கிறது.

தோட்டம் வீடமைப்புப் பகுதியானது. சனங்கள் மந்தின், சிரம்பான் என்று பிரிந்தார்கள். கல்யாண வீட்டில் பார்த்தால், “டிவியில பாடுனியேலா, மண்டபத்துல பாத்தோமே!” என்பார்கள். பொய் சொல்பவர்கள் இல்லை. பத்திரிகையில் பார்த்த பெயரும், மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நேரமும் அவர்களுக்குள் எப்போதோ ஒன்றாகிவிட்டன. அக்கா சிரிப்பாள், மறுக்கமாட்டாள். போன வருடம் அவள் இறந்தபோது வந்தவர்கள் பேசியதும் அதைத்தான். அவளுடைய மகள் அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா பேரு புத்தகத்துல வருந்தானே, சின்னம்மா?” என்று கேட்டாள். வரும் என்றேன்.

அச்சுப்படி என் மேசையில் மூன்று நாள் கிடந்தது. அந்த வரியை விட்டுவைத்தால் கேட்க ஆளில்லை. ஆனால் இதே நோட்டைக் காட்டித்தான் மற்றவர்களின் அம்மாக்களுடைய பெயர்களை அடித்திருந்தேன். அடித்தேன். பின்னால் இருந்த பெயர்ப் பட்டியலிலும் தேடி அடித்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது. நேற்று வாங்கிய ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டேன்.

மகளுக்கு நானே போன் செய்து சொன்னேன். மண்டபத்தில் நடந்தது, நோட்டில் இருப்பது, எல்லாவற்றையும்.

“மத்தவங்க சொன்னத விடுங்க, சின்னம்மா,” என்றாள் மகள். “நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப நீங்கதானே சொன்னீங்க, ‘மண்டபத்துல முன்னால உக்காந்து பாத்தேன், ஒங்கம்மா அவ்ளோ அழகா பாடுனா’ன்னு?”

“ஆமா,” என்றேன். “நான்தான் சொன்னேன்.”