கூட்டல் தேரையும் மொட்டைத் தேரையும்

நூம்பல் வேம்புலியம்மாள் பதினான்கு வருடம் வேலை பார்த்த அம்பத்தூர் போல்ட் கம்பெனியை 1987இல் மூடிவிட்டார்கள். அங்கே அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. டிரேயில் வந்து கொட்டும் போல்ட்டுகளை விரலால் தடவியே மரை சரியில்லாததைத் தனியே தள்ளிவிடுவாள். அளவு பார்க்கும் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்குக்கூட அந்த வேகம் வராது. கம்பெனி போனபிறகு ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் வேலைதான் கிடைத்தது. விலங்கியல் ஆய்வகம் அவள் பொறுப்பு.

அடுத்த வருடம் பாஸ்கரன் என்ற பேராசிரியர் அங்கே வந்து சேர்ந்தார். ஒன்பது வருடம் ஆப்பிரிக்காவில், ஜாம்பியாவில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பியவர். மற்றவர்கள் அங்கிருந்து டேப்ரிகார்டர் கொண்டுவந்தார்கள். இவர் நாற்பத்து மூன்று செத்த தேரைகளை ஃபார்மலின் மருந்து நிரப்பிய பாட்டில்களில் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் காலிலும் அதன் பெயர் எழுதிய சீட்டுக் கட்டியிருந்தது. கப்பலில் வந்த பெட்டியைத் திறந்தபோது மை முழுக்கக் கரைந்து, சீட்டெல்லாம் வெள்ளையாக இருந்தது.

இவையெல்லாம் ஒரே இனம் என்றுதான் ஒருகாலத்தில் நினைத்தார்களாம். ஆண் தேரைகள் கத்தும் குரலைக் கேட்டபிறகே, ஒரே பெயருக்குள் பல இனங்கள் இருப்பது தெரிந்ததாம். பாட்டிலில் இருப்பவை கத்தாது. பாஸ்கரன் அவற்றைப் பெரியது ஒரு வரிசை, சிறியது ஒரு வரிசை என்று மேசையில் அடுக்கிவிட்டு, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

வேம்புலியம்மாள் இரண்டு நாள் தரையைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. சிறிய வரிசையிலிருந்து மூன்றை எடுத்துப் பெரிய வரிசையில் வைத்தாள்.

"நீட்டு வேறயா இருந்தா இன்னா சார்? மரை ஒண்ணுதானே" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஒரு தேரையைத் தண்ணீரில் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். மூக்கிலும் கண்ணுக்கு மேலேயும் கறுப்புத் திட்டுகள். அவற்றுக்கு நடுவே வெளிறிய கூட்டல் குறி ஒன்று ஓடியது. இன்னொன்றை எடுத்தாள். அதன் தலையில் அந்தக் குறி இல்லை. உடம்பு சிறிதோ பெரிதோ, குறிதான் கணக்கு என்றாள்.

பாஸ்கரன் புத்தகத்தைப் புரட்டினார். அதுவும் அதைத்தான் சொன்னது. படித்திருந்தும், மருந்தில் வெளுத்த தோலில் குறி தெரியாது என்று விட்டிருந்தார். ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டார்.

பெருக்குகிறவள் ஆய்வக மேசையில் உட்காரலாமா என்று பிரின்சிபால் கேட்டார். ஆராய்ச்சிக்கு உதவுகிறார் என்று பாஸ்கரன் எழுதியே கொடுத்துவிட்டார். ஒரு மாதம், மதியத்துக்கு மேல் இருவரும் பிரித்தார்கள். பூஃபோ கட்டுராலிஸ், பூஃபோ கார்மேனி என்ற இனப் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. குறி உள்ளது கூட்டல், இல்லாதது மொட்டை என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள். கம்பெனியில் ஆயில் பட்ட சீட்டிலேயே மை நிற்காது, பென்சில்தான் நிற்கும் என்று அவள் சொன்னதால் புதுச் சீட்டுகளைப் பென்சிலில் எழுதினார்கள்.

கூட்டல் இருபத்தாறு, மொட்டை பதினைந்து. மிச்சம் இரண்டை அவள் எதிலும் சேர்க்கவில்லை. குறி பாதி இருந்தது, பாதி இல்லை. இதைப் பற்றி எழுதும் கட்டுரைக்குக் கணக்கு முழுசாக வேண்டும், ஏதாவது ஒன்றில் வை என்றார் பாஸ்கரன்.

"ரிஜெக்ட்டுன்னு சொல்லல சார். தெரியலன்னு சொல்றேன். தெரியாதத உள்ள தள்ளினா மொத்த பாக்ஸும் கெட்டுப் பூடும்."

அவருக்குக் கோபம். பிறகு, அந்த இரண்டோடு, அவள் பிரித்த வேறு ஏழு தேரைகளையும் சேர்த்து, இங்கிலாந்தில் தேரைகளையே ஆராயும் ஒருவருக்கு அனுப்பினார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏழும் சரி. அந்த இரண்டைப் பற்றித் தன்னாலும் முடிவுசெய்ய முடியவில்லை, இரண்டு இனமும் கலந்து பிறந்தவையாக இருக்கலாம், தனியே வைத்தது நல்லதாயிற்று என்று எழுதியிருந்தார். பாஸ்கரன் அதை நின்றுகொண்டே தமிழில் சொன்னார். வேம்புலியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கட்டுரை 1991இல் அச்சாகியது. கடைசிப் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார் பாஸ்கரன். அந்த ஜூனிலேயே அவளை ஆய்வக உதவியாளராக்கி, பிரின்சிபாலே கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷன் தங்கவேலிடம் காட்டினாள். அவன் எழுத்தைத் தடவிப் பார்த்தான்.

"அப்போ அந்த ஊர்த் தேரைக்கு நீதான் பேரு வெச்சியா?"

"பேரு அவங்க வெச்சது. எது எதுன்னு சொன்னது நானு."

மறுநாள் காலை வேலப்பன்சாவடி டீக்கடையில் தங்கவேல் நாலு பேரிடம் இதைச் சொன்னான். கேட்டவர்கள் சாயந்திரம் வேம்புலியம்மாளை வழியில் நிறுத்தி, ஆப்பிரிக்காவில் நீ பிடித்த முதலை எத்தனை அடி நீளம் என்று விசாரித்தார்கள்.