கழுவச் சொன்ன குடுவை

திருத்தணிக் கல்லூரி ஆய்வகத்தில் அன்று பாக்டீரியா வளர்த்தேன். குடுவையில் சர்க்கரை தீர்ந்ததும் வளர்ச்சி நின்றது. "செத்துப்போச்சு, கழுவி வச்சிடுங்க" என்று உதவியாளர் அம்மாவிடம் எரிச்சலோடு சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். குழாயில் தண்ணீர் வராததால் அவர் கழுவவில்லை. திரும்பி வந்து பார்த்தால், குடுவை முன்னைவிடக் கலங்கியிருந்தது; பாக்டீரியா மறுபடி வளர்ந்திருந்தது.

சர்க்கரை இருந்தபோது கழிவாக வெளியேற்றிய அசிடேட் என்ற புளிப்புப் பொருளையே அவை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. அந்தப் புளிப்பை ஒரு நொதி, செல்லின் சக்தியைச் செலவழித்து, கோஎன்சைம் ஏ என்ற மூலக்கூறோடு ஒட்டிவிடுகிறது. ஒட்டியபின் கழிவு உணவாகிவிடுகிறது. வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுவதுதான். கண்ணெதிரே நடந்ததைக் குடுவையைத் தூக்கிக் காட்டி அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"தான் கொட்டினதையே துன்னுகினு கீதுங்களா, மேடம்?" என்றார் அந்த அம்மா.

"ஆங்" என்றேன். "அத நான் பாக்குறதுக்குக் குழாய்ல தண்ணி வராம போக வேண்டியிருக்கு."