கயிறு மாறாத படகு

படகை விற்றது கார்த்திகை பிறந்த வாரத்தில். என் வீட்டுக்காரர் போய் அப்போது பத்து மாசம். நெஞ்சு வலி என்றார். பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

எங்களுக்கு ஒரே பொண்ணு. நர்ஸ் படிப்பில் ரெண்டாம் வருஷம். அதற்குப் பணம் கட்டணும். வீட்டில் விற்கிற மாதிரி இருந்தது ஃபைபர் படகும் மோட்டாரும்தான்.

வாங்க வந்தவர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பசியாவரத்துக்காரர். என் வீட்டுக்காரரோடு கொஞ்ச நாள் வலைக்குப் போனவர். என்னை அண்ணி என்று கூப்பிடுவார். படகைச் சுற்றி வந்து உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியைத் தடவினார். அதிகம் பேரம் பேசவில்லை.

எங்கள் கரையில் படகு கை மாற ஒரு முறை உண்டு. பணம் கொடுத்த பிறகு, வாங்குகிறவர் அணியத்தில், அதாவது படகின் மூக்கில், கற்பூரம் காட்டித் தேங்காய் உடைப்பார். கடைசியாக, விற்கிறவர் கரையில் அடித்த முளையில் கட்டின கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுக்கணும். கயிறு கைக்குப் போனால்தான் படகு அவருடையது. அதுவரை எல்லாம் பேச்சு.

அன்றைக்குப் பணம் வந்தது. தேங்காய் உடைந்தது. மோட்டாரைக் கழற்றி அவர் ஆட்கள் முதலில் எடுத்துப் போனார்கள். என் கொழுந்தனார், வீட்டுக்காரரின் தம்பி, மற்றவர்களை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். கயிறு மட்டும் பாக்கி. நானும் வாங்கினவரும் முளைகிட்ட நின்றோம்.

அவிழ்த்தேன். கொடுக்கக் கை வரவில்லை.

"தீபம் வரைக்கும் இங்கயே இருக்கட்டுமா?" என்றேன்.

"இன்னாத்துக்கு அண்ணி?"

"வருஷா வருஷம் அணியத்துல ஒரு விளக்கு வெப்பாரு. இந்த ஒரு வருஷம் நான் வெச்சிட்டுக் குடுத்துடறேன்."

அவர் ஏரியைப் பார்த்தார். தொழில் நடக்கிற நேரம். பத்து நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

"சரி, இருக்கட்டும். எனக்கும் மோட்டாரைக் கொஞ்சம் பாக்க வேண்டி கீது" என்றார்.

நான் திரும்பவும் முளையில் கட்டினேன். அதை யாரும் பார்க்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் புயல் என்றார்கள். ஆம்பளைங்க எல்லாம் படகுகளை மேட்டுக்கு இழுத்தார்கள். ஒரு படகுக்கு எட்டுப் பேராவது வேணும். என்னுது மட்டும் தண்ணி ஓரத்தில் கிடந்தது. கொழுந்தனாரிடம் போய்ச் சொன்னேன்.

"வித்த படகை நாம ஏன் அண்ணி இழுக்கணும்? வாங்குனவன் ஆளோட வரட்டும்" என்றார். அவர் படகே இன்னும் பாதி மேடுதான் ஏறியிருந்தது.

பசியாவரத்துக்குப் போன் போட்டேன். லைன் போகவில்லை. காத்து ஏறிவிட்டதால் அந்தப் பக்கமிருந்து யாரும் தண்ணியில் இறங்கவும் இல்லை. எங்கள் கரையில் இருக்கிற படகை எங்கள் ஆளுங்க இழுத்திருப்பாங்க என்று அவர் அங்கே நினைத்துக்கொண்டிருந்தாராம். பின்னால் சொன்னார்.

நான் இன்னும் நாலு வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்டால், வித்த படகு ஏன் உன் முளையிலேயே கீது என்று கேட்பார்கள். விளக்கு வைக்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

காலையில் படகு, அலை தடுக்கப் போட்ட கல் கரை மேல் கிடந்தது. நடுவில் முறிந்து இரண்டாக.

மூணாம் நாள் அம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. பசியாவரத்துக்காரரும் வந்தார். தலையைத் தூக்காமல் ஒரே பேச்சுதான் பேசினார். "கயிறு என் கைக்கு வரல."

கொழுந்தனார் விடவில்லை. "பணம் வந்தாச்சு. மோட்டார் போயாச்சு. தேங்கா உடைச்சாச்சு. இன்னும் இன்னா வேணும்? உடைஞ்சது உன் படகு."

பெரியவர்களில் ஒருத்தர் சிரித்தார். "தேங்கா உடைச்சா ஆயிடும்னா, இந்தக் கோயில் எப்பவோ என்னுது."

சிலர் சிரித்தார்கள். ஊர்த் தலைவர் சிரிக்கவில்லை. "கயிறு குடுத்தாச்சா இல்லியா? அத சொல்லு."

"குடுத்தாச்சு" என்றார் கொழுந்தனார். அவர் அப்போது டீக்கடையில் இருந்தவர். எனக்காகத்தான் சொன்னார்.

பசியாவரத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் கேட்டு நிறுத்தி வைத்ததை அவர் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் பொண்ணு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"குடுக்கல" என்றேன். "அவரு வாங்கத்தான் நின்னாரு. நான்தான் தீபம் வரைக்கும் கேட்டு வெச்சிகிட்டேன்."

கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

படகு என்னுது, மோட்டார் அவருடையது என்று ஊர் சொன்னது. படகுக்கு உண்டானதை நான் திருப்பிக் கொடுக்கணும். பணம் அரிசி டின்னில் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலேஜில் கட்ட வைத்திருந்தது. மோட்டாருக்கு என்று மிஞ்சினது ஃபீஸுக்குப் போதாது. எடுத்து வந்து கொடுத்தேன்.

"அவசரம் இல்ல அண்ணி" என்றார் அவர். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு வாரிசு சான்றிதழுக்காகப் பொன்னேரி போனபோது ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சட்டத்துல கயிறு கணக்கு கிடையாதும்மா. இந்தப் படகுதான், இந்த விலைக்குத்தான்னு பேசி முடிச்சா பெரும்பாலும் அப்பவே வாங்குனவருது. வேற மாதிரி பேசி வெச்சிருந்தா அந்தப் பேச்சு செல்லும்."

"அப்போ அவரு படகா?"

"அவசரப்படாதீங்க. பொருள் கைக்குப் போறது யாரால தள்ளிப் போச்சோ, அதனால வந்த நஷ்டம் அவங்க தலையில. நீங்கதானே நிறுத்தி வெச்சீங்க?"

"ஆமா."

"அப்போ சட்டத்துலயும் நஷ்டம் உங்களுதுதான்."

சரி என்று வந்துவிட்டேன். ஊரில் ஒன்று, கோர்ட்டில் ஒன்று என்று இருந்திருந்தால் மனசு அலைந்திருக்கும்.

கல் கரையில் கிடந்த ஃபைபரை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கிடந்தது. அப்புறம் நானே ஆள் விட்டு அப்புறப்படுத்தினேன். கொழுந்தனார் இப்போது என்னோடு பேசுவதில்லை. வழியில் பார்த்தால் ஒதுங்கிக்கொள்வார்.

பொண்ணு மீஞ்சூரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நிற்கிறாள். ஏழு மணி பஸ்ஸுக்குப் போவாள். சோறு கட்டிக் கொடுப்பேன். வாங்கிக்கொள்வாள். ஒரு தரம்தான் கேட்டாள், செருப்பு மாட்டிக்கொண்டே.

"நீ சும்மா இருந்திருக்கலாமேம்மா. சித்தப்பாதான் சொல்லிட்டாரே."

"படகு வாங்குனவருக்கும் ரெண்டு பசங்க கீறாங்க" என்றேன்.

"நான் யாரு உனக்கு?"

கட்டின சோத்தை நீட்டினேன். பஸ் வருகிற நேரம். அவள் போய்விட்டாள்.