மினோரு என்று பெயர் வைக்கப் பூ கேட்டோம்!

இன்று காலை குலசாமி கோவிலில் என் மகனுக்குப் பெயர் வைத்தாயிற்று!

மினோரு.

(ஆமாம், ஜப்பான் பெயர்தான். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.)

நான் பெங்களூரில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். புகுந்த வீடு அதியமான்கோட்டை. விவசாயக் குடும்பம்.

மகன் குறைமாதத்தில் பிறந்தான். இன்குபேட்டரில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை, "புள்ள இன்னும் முத்தலையே!"

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கதிர் முற்றுவதையும் காய் பழுப்பதையும் ஜப்பானியர்கள் 'மினோரு' என்பார்கள். அந்த வினைச்சொல்லையே ஆண் குழந்தைக்குப் பெயராக வைப்பது அங்கே பழைய வழக்கம். அதை எழுதப் பல எழுத்துகள் உண்டு. நான் எடுத்த எழுத்தின் இடப்பக்கத்தில் தானியப் பயிரின் அடையாளம் இருக்கும்.

ஆனால் எங்கள் வீட்டில் முதல் பேரனுக்கு மாமனாருடைய அப்பா பெயர்தான் வைக்க வேண்டும். சின்னசாமி!

பங்காளிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். "அப்ப சின்னசாமி பேரு என்னாவுறது? வூட்டு வழக்கத்த வுட முடியுமா?"

(என் கணவர்? இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.)

அவர்கள் போன பிறகு மாமா (என் மாமனார்) என்னிடம் வந்தார்.

"அந்த எழுத்த எழுதிக் காட்டும்மா."

டிராக்டர் மேலிருந்த தூசியில் எழுதினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நெல்லு மட்டுந்தானா? கேவுறு சேராதா?"

"கேழ்வரகும் சேரும், எல்லாத் தானியமும் சேரும் மாமா."

"ஓ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பங்காளிகளிடம், "ஆத்தாகிட்டப் பூ கேட்ருவோம்" என்றார்.

தெரியாதவர்களுக்கு: வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை.

பொட்டலம் கட்டியது மாமா.

சிவப்பு வந்தாலும் பெயரை மாற்றுவதில்லை என்று நெஞ்சை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

பூசாரி பிரித்தார்.

வெள்ளை!

பங்காளிகளே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி இன்னொரு பொட்டலத்தையும் எடுக்கப் போனார். மாமா முந்திக்கொண்டார்.

"அதான் ஆத்தாளே சொல்லிட்டாளே, அத எதுக்குங்க பிரிச்சிக்கிட்டு?" எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பேரனைத் தூக்கக் குனிந்தபோது அது பையிலிருந்து விழுந்து பிரிந்தது.

அதுவும் வெள்ளை!

நான் அவரைப் பார்த்தேன். அவர் பேரனைப் பார்த்தார்.

"எங்கப்பன் பேர நானே வேணாங்க முடியுமா? அதுக்குன்னு... ஆஸ்பத்திரியில அந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னு, இவன் நல்லா முத்தி வரணும்னுதானேம்மா நானும் வேண்டுனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதைப் பதிவாகப் போடட்டுமா என்று கேட்டேன். "போட்டுக்க. அதான் பேரு வெச்சாச்சே!" என்றார்.

ஆகவே பங்காளிகளுக்கு ஓர் அறிவிப்பு. எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி பூ கேட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டலம் மட்டும் எங்கள் மாமாதான் கட்டுவார்!