விண்ணரசி நேர்ந்துகொண்ட முடி

விண்ணரசிப் பெரியம்மா இறந்ததற்கு எங்கள் ஊரில் இரண்டு காரணம் சொல்கிறார்கள். கண்வலிக் கிழங்கைத் தின்று செத்தாள் என்கிறார்கள் சிலர். மாதாவுக்கு நேர்ந்ததைக் காலத்தில் செலுத்தாததால் செத்தாள் என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டுமே தப்பு. நடந்தது வேறு.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. வரதராசன்பேட்டைக்குக் கிழக்கே, முந்திரிக் காட்டை ஒட்டி அவள் வீடு. முந்திரிக்கொட்டையை வறுத்து உடைப்பது அவள் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரிந்தே கிடக்கும். வறுக்கும்போது தீ தாவும் என்பதால் தலையை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். துணியை அவிழ்த்தால் முடி இடுப்புக்குக் கீழே இறங்கும். அவளுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அதைக் கிளறினால், "பிள்ளைக்குப் போற சத்தெல்லாம் மயிருக்குப் போயிருச்சுடி. ஒனக்கு நாலு பிள்ளை, தலையில எலி வாலு. எனக்கு இது" என்பாள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் அவளுக்கு வலது மார்பில் கட்டி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அது எலுமிச்சங்காய் அளவாகி, கையைத் தூக்கிக் கொட்டையை உடைக்க முடியாமல் போன பிறகுதான் அடைக்கலசாமிப் பெரியப்பாவுக்கே தெரிந்தது. வண்டி கட்டி அரியலூருக்கும், அங்கிருந்து ரயிலில் திருச்சிக்கும் அழைத்துப் போனார். லேடி டாக்டர் பார்த்தார். இது புற்று, மார்பை எடுக்க வேண்டும், அக்குளிலும் முடிச்சு இருக்கிறது, எடுத்தாலும் திரும்ப வராது என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

"உறுதி சொல்லாதவங்ககிட்ட எதுக்குங்க அறுக்கக் குடுக்கணும்?" என்று பெரியம்மா எழுந்துவிட்டாள்.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஏலாக்குறிச்சி மாதா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். "அடைக்கல மாதாவே, இந்தக் கட்டியைக் கரைச்சுக் குடு. ஒன் வாசல்ல உக்காந்து ஒட்ட மொட்டை போட்டுக்கிறேன்."

அவளிடம் கொடுப்பதற்கு இருந்த பெரிய சொத்து அந்த முடிதான்.

பெரியப்பா மாதாவை மட்டும் நம்பி இருக்கவில்லை. செந்துறை வைத்தியர் இளையபெருமாளைக் கூட்டி வந்தார். வைத்தியர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்வலிக் கிழங்கு என்றார். வேலியில் படர்ந்து, மழைக்காலத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்குமே, அந்தக் கொடியின் கிழங்கு. ஆளைக் கொல்லும் விஷம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"கொன்னுடுமாங்க?" என்று பெரியப்பா கேட்டார். 

"கொல்லும். அதான் கட்டிக்குக் குடுக்கிறோம். ஆளுக்கும் கட்டிக்கும் நடுவுல ஒரு சின்ன வரப்பு இருக்கு. அது மேலேயே நடக்கணும்."

கிழங்கைச் சீவி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மறுபடி அப்படியே செய்து, பொடித்துப் பனைவெல்லத்தில் மிகக் கொஞ்சமாகக் கொடுத்தார். முதலில் வாந்தியும் பேதியும் பெரியம்மாவைப் படுக்கையில் போட்டன. வைத்தியர் நிறுத்தினார், அளவைக் குறைத்தார், மறுபடி தொடங்கினார். கொஞ்ச நாளில் கட்டி இளகியது. பிறகு சுருங்கியது. ஒருநாள் பெரியம்மா கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பெரியப்பா அழுதேவிட்டார்.

அந்த வாரத்திலேயே சீப்பில் முடி கொத்தாக வந்தது. தலையணையில் கிடந்தது, கஞ்சியில் கிடந்தது. கடைசியில் தலையில் ஒன்றும் இல்லை.

"மாதாவுக்கு நான் எதைக் குடுப்பேன்?" என்றாள் பெரியம்மா.

"காணிக்கையை அவளே வந்து எடுத்துக்கிட்டான்னு வச்சுக்க, புள்ள."

"மாதா என்ன களவாணியா? சொல்லாம கொள்ளாம வூடு புகுந்து எடுத்துட்டுப் போறதுக்கு?"

பெரியப்பா உதிர்ந்த முடியைப் பொறுக்கி ஒரு துணியில் சேர்த்திருந்தார். இதைக் கொண்டு போவோம் என்றார். உதிர்ந்த முடி குப்பை என்றாள் அவள். எங்கள் பக்கத்தில் வழக்கமும் அதுதான். கோயில் வாசலில் உட்கார்ந்து, தலையிலிருந்து மழித்துக் கொடுத்தால்தான் காணிக்கை. பெரியப்பா பங்குச் சாமியாரிடம் ஓடினார். அவர் வந்து, மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி போதும் அம்மா என்றார்.

"நான் வாக்குக் குடுத்தது ஒங்ககிட்ட இல்லைங்க சாமி. அவகிட்ட."

சாமியார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரியலூர் வாசகசாலையில் ஒரு பழைய பத்திரிகையில் நான் படித்ததை இங்கே சொல்ல வேண்டும். நம் உடம்பு செல் என்னும் மிக நுண்ணிய அறைகளால் ஆனது. ஒரு செல் இரண்டாகப் பிரிவதால்தான் எதுவும் வளர்கிறது. புற்று என்பது நிறுத்தம் இல்லாமல் பிரிந்துகொண்டே போகும் செல்களின் கூட்டம். சீமையில் ஒரு செடியின் கிழங்கிலிருந்து எடுத்த சத்தைச் செல்களின் மேல் விட்டுப் பார்த்தார்களாம். பிரியப் போன செல் பாதியில் அப்படியே நின்று, பிறகு செத்துப்போகிறதாம். கண்வலிக் கிழங்கிலும் அதே சத்து இருக்கிறது என்று எழுதியிருந்தது. அந்தச் சத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. வேகமாகப் பிரிவதையெல்லாம் அது பிடிக்கும். முடியின் வேர் வேகமாகப் பிரிகிறது. குடலின் உள்தோலும் அப்படியே. அதனால்தான் பேதி, அதனால்தான் முடி உதிர்ந்தது. முடி போனதே மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கிக்கொண்டாள். வைத்தியர் வந்தபோது அவரிடம்தான் கேட்டாள்.

"மருந்தை நிறுத்துனா முடி மொளைக்குமாங்க?"

"மொளைக்கும். ஆனா கட்டியும்..."

"முடி மொளைக்கும்ல? அது போதும்."

அன்றோடு நிறுத்திவிட்டாள். பெரியப்பா கெஞ்சினார், கத்தினார், சாப்பிடாமல் கிடந்தார். அவள் கணக்கு அவளுக்குத் தெளிவாக இருந்தது. கட்டி அவரைக்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். இனி இவள் தன் பங்கைச் செலுத்தாவிட்டால்தான் அது திரும்ப வரும். செலுத்த முடி வேண்டும். முடிக்கு மருந்தை நிறுத்த வேண்டும். இதில் எந்த இடத்தில் அவளை மடக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

முடி வளர்ந்தது. கட்டியும் வளர்ந்தது. முடியை எல்லாரிடமும் காட்டினாள். கட்டியைக் காட்டவில்லை. நாவிதர் கையில் பிடிபடும் அளவுக்கு வளரட்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டாள். பெரியப்பா அதைப் பார்த்த அன்றே வண்டி கட்டினார்.

ஏலாக்குறிச்சியில் அவள் மொட்டை போட்டுக்கொண்டபோது நானும் கூட இருந்தேன். கொஞ்சம் முடிதான். அதற்கே அவள் முகம் தெளிந்துவிட்டது. "கணக்கு தீந்துச்சு. இப்ப ஒங்க கெழங்கக் குடுங்க, திங்கிறேன்" என்றாள் பெரியப்பாவிடம்.

மறுபடி மருந்து. அதே பதம், அதே அளவு. பேதி வந்தது. மொட்டைத் தலையில் முளைத்திருந்த குறுமுடியும் உதிர்ந்தது. கட்டி மட்டும் அசையவில்லை.

பெரியப்பா செந்துறைக்குப் போய் வைத்தியர் வாசலில் சத்தம் போட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அதே கெழங்குதானே?"

"அதேதாங்க."

"ஆளும் அதே ஆளு. முடி கொட்டுது, குடலு கலங்குது. கட்டிக்கு மட்டும் ஏன் ஏறலை?"

"அது பழகிக்கிச்சுங்க. எப்படிப் பழகிச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை."

"அப்ப அளவைக் கூட்டுங்க."

"கூட்டுனா கட்டிக்கு முன்னாடி அவங்க போயிருவாங்க."

முந்திரி பூத்திருந்த மாசத்தில் பெரியம்மா இறந்தாள். கடைசி நாட்களில் படுத்துக்கொள்ள முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள்.

நான் திரும்ப வாசகசாலைக்குப் போய் அந்தப் பத்திரிகையைத் தேடிப் பிடித்துப் படித்தேன். செல் நிற்கிறது என்பதோடு அது முடிந்துவிடுகிறது. நிற்காத செல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. அவரைக்கொட்டை அளவுக்கு மிஞ்சியிருந்தது மருந்துக்கு மசியாத செல்களாக இருந்திருக்கும், மருந்து இல்லாத மாதங்களில் பெருகியவை அவைதான் என்று நான் நினைக்கிறேன். சரியா என்று கேட்க இங்கே ஆள் இல்லை. வாசகசாலைக்காரர், இதையெல்லாம் படித்து என்ன உத்தியோகம் கிடைக்கும் தம்பி என்று கேட்டார்.

இதைப் பெரியப்பாவிடமாவது சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று போனேன். அவர் வறுசட்டியைக் கவிழ்த்துக் கரி சுரண்டிக்கொண்டிருந்தார். கிழங்கும் கொல்லவில்லை, மாதாவும் கொல்லவில்லை என்று தொடங்கி, செல், மிச்சம், பெருக்கம் என்று முழுவதும் சொன்னேன். அவர் சுரண்டுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"அப்ப, நடுவுல நிறுத்தாம தின்னிருந்தா பொழைச்சிருப்பாளா?"

தெரியாது என்றேன்.

"இதுக்குத்தானா அம்மாந்தூரம் போயிப் படிச்சே? மாதா கூப்பிட்டுக்கிட்டான்னு சொல்றாங்கள்ல, அதைக் கேட்டா எனக்குத் தூக்கமாவது வருது. போடா, போயி வேலையப் பாரு."